மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலை: புதிதாக வருகிறவர்களுக்கு

நியூயார்க் குயின்ஸில் ரிட்ஜ்வுட் என்று ஒரு பகுதி. அங்கே இர்விங் அவென்யூவில் 1920 முதல் 1954 வரை உல்ஃப்-ஆல்போர்ட் என்ற இரசாயனக் கம்பெனி இருந்தது. மோனசைட் மணலிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுத்தார்கள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் அதே மோனசைட்தான், இவர்களுக்குக் காங்கோவிலிருந்து கப்பலில் வந்தது. பிரித்தது போக மிஞ்சிய, கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவைச் சாக்கடையில் விட்டார்கள், பக்கத்து நிலத்திலும் கொட்டினார்கள். கம்பெனி மூடி அறுபது வருடம் ஆன பிறகு, 2014-இல்தான், அந்த இடம் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது மிக மோசமாக மாசுபட்ட இடங்களுக்கு அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில், ஏறியது. அதுவரைக்கும் அந்த மண்ணுக்கு மேலேயே கார் ரிப்பேர் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடந்துகொண்டிருந்தன.

இவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு வகையில் கெட்டுப்போன நிலங்கள் அமெரிக்கா முழுக்க நாலரை லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது இ.பி.ஏ. எனப்படும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. பிரவுன்ஃபீல்ட் என்று சொல்வார்கள். பழைய பெட்ரோல் பங்க், டிரை கிளீனிங் கடை, தோல் பதனிட்ட இடம், ரயில் யார்டு, நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலை. இவற்றில் பல ஏழைகள் வாழும் தெருக்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. முன்பெல்லாம் சுத்தம் செய்ய வெளியூர் ஆட்கள் வேனில் வந்து இறங்குவார்கள், வேலையில்லாத உள்ளூர்ப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கே இலவசமாகக் கற்றுக்கொடுத்து அந்த வேலையை அவர்களுக்கே கொடுக்கலாமே என்றுதான் 1998-இல் இ.பி.ஏ. வேலைப் பயிற்சி மானியங்களைத் தொடங்கியது. இதுவரை 20,000 பேருக்கு மேல் பயிற்சி முடித்திருக்கிறார்கள், ஏறத்தாழ நாலில் மூன்று பேர் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நானும் ஒருத்தி.

குடும்ப விசாவில் வந்து, பிளஸ் டூவோ டிப்ளமோவோ வைத்துக்கொண்டு, காபிக் கடைக் கல்லாவிலும் கிடங்கிலும் மணிக்கணக்கு வேலை பார்த்து, அதுவும் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நியூயார்க், நியூஜெர்சிப் பக்கத்தை வைத்துத்தான் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த ஊர் அது. மத்திய அரசு விதிகள் வேறு மாநிலங்களுக்கும் பொருந்தும்.

முதலில், இது என்ன வேலை

"இவ்வளவு தூரம் வந்து குப்பை அள்ளப் போறியா?" என்றுதான் என் அம்மா கேட்டார். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். அதனால் வேலை என்ன என்பதை நீங்கள் முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் வீட்டில் சொல்லலாம்.

மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றுவது இதில் ஒரு பகுதி மட்டும்தான். தோண்டுவதற்கு முன்னால் எங்கே எவ்வளவு ஆழத்துக்கு விஷம் இறங்கியிருக்கிறது என்று துளை போட்டு மாதிரி எடுக்க வேண்டும். இடிக்கப்போகிற கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸும் ஈயப் பெயின்ட்டும் இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். தோண்டும்போது தூசி வேலியைத் தாண்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகாமல் நாள் முழுக்கக் கருவி வைத்து அளக்க வேண்டும். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் யந்திரங்களை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். இதில் எதற்கும் தொடக்கத்தில் பட்டம் தேவையில்லை. கை நிதானமும் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒழுங்கும்தான் தேவை.

உடம்பு உழைக்கும் வேலை. காலை ஆறரை, ஏழு மணிக்கு சைட்டில் நிற்க வேண்டும். ஜூலை வெயிலிலும் ஜனவரிக் குளிரிலும் வெளியேதான். ஒரு திட்டம் முடிந்தால் அடுத்தது தொடங்கும்வரை சில வாரம் சும்மா இருக்கவும் நேரும். இதெல்லாம் தெரிந்துதான் வர வேண்டும்.

பயிற்சியை எங்கே தேடுவது

இ.பி.ஏ. பணத்தை நேராக உங்களிடம் தராது. தொண்டு நிறுவனங்கள், நகராட்சிகள், சமுதாயக் கல்லூரிகள் விண்ணப்பித்து, போட்டியில் ஜெயித்து, அந்த மானியத்தை வாங்கிப் பயிற்சி நடத்துகின்றன. புரூக்ளினில் செயின்ட் நிக்ஸ் அலையன்ஸ் இப்படிப் பல முறை நடத்தியிருக்கிறது. தெற்கு பிராங்க்ஸில் மஜோரா கார்ட்டர் தொடங்கிய சஸ்டெய்னபிள் சவுத் பிராங்க்ஸ் 2003-லேயே இதுபோன்ற பசுமை வேலைப் பயிற்சியை ஆரம்பித்தது, பிறகு அது புரூக்ளினின் ஹோப் புரோகிராமோடு சேர்ந்துவிட்டது. இது தவிர, என்.ஐ.இ.ஹெச்.எஸ். என்ற மத்திய சுகாதார ஆய்வு நிறுவனமும் 1995-லிருந்து தனியாக இப்படி இளைஞர் பயிற்சிக்குப் பணம் தருகிறது.

மானியம் ஒவ்வொரு வருடமும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. போன வருடம் நடந்த இடத்தில் இந்த வருடம் நடக்காமல் இருக்கலாம். எனவே இணையத்தில் பழைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். போன் போடுங்கள், அடுத்த பேட்ச் எப்போது என்று கேளுங்கள், பெயரைப் பதிந்து வையுங்கள். நியூயார்க் நகரத்தில் ஒர்க்ஃபோர்ஸ் ஒன் மையங்கள், மற்ற ஊர்களில் அமெரிக்கன் ஜாப் சென்டர்கள், இங்கெல்லாம் நேரில் போய்க் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

போன் பண்ணும்போது கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. போன பேட்சில் முடித்தவர்களை எந்தெந்தக் கம்பெனிகள் எடுத்தன? இதற்குச் சட்டென்று பதில் வந்தால் அது நல்ல இடம். நல்ல பயிற்சி மையம் வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே கம்பெனிகளிடம் போய் "உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும், எந்தச் சான்றிதழ் வேண்டும், எத்தனை பேர் வேண்டும்" என்று கேட்டு, அதற்கேற்றபடிதான் பாடத்தையே போடும். கம்பெனி ஆட்கள் வகுப்புக்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படி இல்லாமல் சான்றிதழ்களாகக் குவித்துக் கொடுத்துவிட்டு "இனி உங்கள் பாடு" என்று அனுப்பிவிடுகிற இடங்களும் இருக்கின்றன. வேலையில்லாமல் வந்தவர் கையில் அஞ்சு அட்டையோடு மறுபடி வேலையில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும்.

இன்னொன்று, இதற்குக் காசு கொடுக்காதீர்கள். மானியத்தில் நடக்கும் பயிற்சி உங்களுக்கு முழுக்க இலவசம். விஷக் கழிவு இடத்தில் வேலை செய்ய நாற்பது மணி நேரப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று கட்டாயம், ஆன்லைனில் பணம் கட்டினால் வீட்டிலிருந்தே அதற்குச் சான்றிதழ் என்று வருகிற விளம்பரத்தில் ஏமாற வேண்டாம். உடையையும் முகமூடியையும் கையால் போட்டுக் கழற்றிப் பழகாத பயிற்சியை ஓஷா, அதாவது தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகம், போதுமானதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பாடத்தில் தனி ஆட்களுக்கு ஓஷா சான்றிதழ் தருவதும் கிடையாது. "ஓஷா சான்றிதழ் பெறுங்கள்" என்று ஒருவர் இதை விற்றால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

சேரும்போது என்ன பார்ப்பார்கள்

பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், சட்டப்படி வேலை செய்யும் அனுமதி இருக்க வேண்டும், பெரும்பாலும் அந்தப் பகுதிக்காரராக இருக்க வேண்டும். கிரீன் கார்டோ வேலை அனுமதி அட்டையோ கையில் இருந்தால் சரி. சிறைக்குப் போய் வந்தவர்களையும் பல இடங்களில் மனமுவந்து சேர்த்துக்கொள்கிறார்கள். என் வகுப்பில் என்னோடு மிக நன்றாகப் படித்தவர் அப்படி வந்தவர்தான்.

வாசிப்புக்கும் கணக்குக்கும் ஒரு தேர்வு வைப்பார்கள். கணக்கு நம் எட்டாம் வகுப்பு அளவுதான், பின்னமும் சதவீதமும் வரும். நம் பிள்ளைகள் தடுமாறுவது அடி, அங்குலத்தில். அதிலும் இந்தத் துறையில் அடியைப் பன்னிரண்டாகப் பிரிக்காமல் பத்தாகப் பிரித்து எழுதுவார்கள். 5 அடி 6 அங்குலம் என்பது 5.6 அல்ல, 5.5. இதில் தப்பு செய்தால் கிணற்றுத் தண்ணீர் மட்டமே தப்பாகப் பதிவாகும். இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஒரு கிலோ மண்ணில் ஒரு மில்லிகிராம். வீட்டு மண்ணில் ஈயம் இவ்வளவு இருந்தால் கவனிக்க வேண்டும் என்ற அளவை 2024 ஜனவரியில் இ.பி.ஏ. 400 பி.பி.எம்.மிலிருந்து 200-ஆகக் குறைத்தது. ஒரு கிலோ மண்ணில் 200 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பு அளவுகூட வராது.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்காதீர்கள். தொழிலாளிக்குப் புரியும் மொழியில்தான் பாதுகாப்புப் பயிற்சி இருக்க வேண்டும் என்பது ஓஷாவின் விதி. தமிழில் பாடம் நடத்த ஆள் கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி மறுபடி விளக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. வகுப்பில் தலையாட்டிவிட்டு வருவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் உயிருக்கு ஆபத்து.

நேர்முகத்தில் அவர்கள் உண்மையில் பார்ப்பது நேரத்துக்கு வருகிறீர்களா என்பதை. பல இடங்களில் முதல் சில நாள்கள் சோதனை நாள்கள்தான், ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமானாலும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். போதைப் பொருள் சோதனையும் உண்டு. நியூயார்க்கில் கஞ்சா சட்டப்படி சரிதானே என்று நினைத்து வேலையைக் கோட்டைவிடாதீர்கள், மத்திய அரசு விதிக்கு உட்பட்ட வேலைகளில் அந்த வாதம் எடுபடாது.

வீட்டுக் கணக்கு

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பயிற்சி பல வாரம் நடக்கும், நாள் முழுக்க நடக்கும், அந்த வாரங்களில் வேறு வேலைக்குப் போக முடியாது. பயிற்சி இலவசமே தவிர, கையில் சம்பளம்போல் உதவித்தொகை பெரும்பாலும் வராது. சில மையங்கள் பயணச் செலவுக்கோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ உதவும், கேட்டுப் பாருங்கள். சேரும் முன்பே இரண்டு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழி பண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் விட்டுவிட்டுப் போனவர்களில் பாடம் கஷ்டம் என்று போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை, எல்லாரும் பணமுடையால் போனவர்கள்.

டிரைவிங் லைசென்ஸ் இல்லையென்றால் அந்த இடைவெளியில் எடுத்துவிடுங்கள். சைட் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது, காலை ஆறு மணிக்கு ரயில் போகாத இடமாகவும் இருக்கும். ஒரே சான்றிதழோடு இரண்டு பேர் நின்றால் லைசென்ஸ் இருக்கிறவரைத்தான் எடுப்பார்கள்.

நாற்பது மணி நேரம்

இதுதான் அடித்தளம். ஹாஸ்வோபர் என்பார்கள். விஷக் கழிவு இடத்தில் வேலை செய்பவர் குறைந்தது 40 மணி நேரம் வகுப்பிலும், பிறகு மூன்று நாள் அனுபவமுள்ள மேற்பார்வையாளரின் கீழ் களத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்பது சட்டம். நியூயார்க் மாநிலத்தில் லவ் கேனால் என்ற இடத்தில், புதைத்த இரசாயனக் கழிவுக்கு மேல் எழுந்த குடியிருப்பின் பிரச்சினை 1978-இல் வெடித்து, இப்படிப்பட்ட இடங்களைச் சுத்தம் செய்ய 1980-இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்து, சுத்தம் செய்யப் போனவர்களுக்கே பாதுகாப்பு இல்லையே என்று தொழிற்சங்கங்கள் குரல் கொடுத்த பிறகு 1986-இல்தான் இதற்கு வழி பிறந்தது. யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை, போராடி வாங்கிய நாற்பது மணி நேரம் இது. தூங்கிவிடாதீர்கள்.

இரசாயனங்களின் குணம், லேபிள் படிப்பது, காற்றை அளப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். புத்தகத்தில் இருப்பதை நான் திருப்பி எழுதப் போவதில்லை. உடையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் கோட்டைவிடுவது அங்கேதான்.

பாதுகாப்பு உடையில் ஏ, பி, சி, டி என்று நாலு நிலை. டி என்பது ஹெல்மெட், கண்ணாடி, இரும்பு முனை பூட்ஸ், பளிச்சென்ற மேலாடை. நீங்கள் பெரும்பாலும் இருக்கப்போவது டியிலும் சியிலும். சி என்றால் டைவெக் என்ற வெள்ளை முழு உடை, இரண்டு ஜோடிக் கையுறை, வடிகட்டி வைத்த முகமூடி. முகமூடி தோலோடு ஒட்டி உட்கார வேண்டும், அதைச் சோதிக்கக் கசப்பான ஒரு மருந்துப் புகையைத் தலைமேல் மாட்டிய கூண்டுக்குள் அடிப்பார்கள், நாக்கில் கசப்பு தெரிந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரு நாள் தாடி இருந்தாலும் ஒழுகும். சபரிமலைக்கு மாலை போடுகிற தம்பிகள் அந்த 41 நாளை முன்கூட்டியே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். முகத்தில் ஒட்டாத, காற்று ஊதும் தலையுறை என்று வேறு வகை உண்டு, அல்லது முகமூடி தேவைப்படாத வேலைக்கு மாற்றுவார்கள். கடைசி நேரத்தில் தாடியோடு வந்து நின்றால்தான் சங்கடம்.

பெண்களுக்கு ஒரு விஷயம். என் முதல் சைட்டில் எனக்குக் கொடுத்தது எக்ஸ்ட்ரா லார்ஜ் டைவெக். குனிந்தபோது தொடையில் கிழிந்தது, டேப் ஒட்டிக்கொள் என்றார்கள், ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்த்தேன். இன்று நினைத்தால் என் மீதே கோபம் வருகிறது. கட்டுமான வேலையில் பாதுகாப்பு உடை ஆளுக்குப் பொருந்தும் அளவில் இருந்தாக வேண்டும் என்ற ஓஷா விதி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்துவிட்டது. ஸ்மால் சைஸ் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள்.

போடுவதைவிடக் கழற்றுவதுதான் கஷ்டம். சைட்டை மூன்று பகுதியாகப் பிரித்திருப்பார்கள்: விஷம் இருக்கிற இடம், கழுவிக் கழற்றுகிற இடம், சுத்தமான இடம். வெளியே வரும்போது முதலில் பூட்ஸைத் தொட்டியில் நின்று பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். மேல் கையுறையைக் கழற்ற வேண்டும். அப்புறம் டைவெக்கைத் தோளிலிருந்து மெதுவாக, வெளிப்புறம் உள்ளே போகிற மாதிரி சுருட்டிக்கொண்டே கால்வரை இறக்க வேண்டும், வாழைப்பழத் தோலை உள்பக்கம் வெளியே வரும்படி உரிப்பதுபோல. அதன் வெளிப்பக்கம் உங்கள் சட்டையில் பட்டுவிடக் கூடாது. முகமூடி அதற்குப் பிறகு. உள் கையுறை கடைசி. அவசரப்பட்டு முகமூடியை முதலில் கழற்றினால், உடையைச் சுருட்டும்போது எழும் தூசி முழுக்க மூக்குக்குள். வெயிலில் வெந்து வெளியே வருகிறவருக்கு முதலில் முகமூடியைத்தான் பிய்த்தெறியத் தோன்றும், அதனால்தான் இதைப் பத்து, இருபது முறை பழகச் சொல்கிறார்கள்.

இது ஏன் என்று என் அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் வாசலிலேயே நின்று, கொல்லைப்பக்கமாகப் போய்க் குளித்து, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தானே உள்ளே வருவோம், குழந்தையைத் தொடமாட்டோமே, அதேதான் என்றேன். ஈயத் தூசி அப்படித்தான் துணியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தரையில் தவழ்கிற குழந்தையின் வாய்க்குப் போகிறது. வேலைச் செருப்பு வேறு, வீட்டுச் செருப்பு வேறு. வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். விஷப் பகுதிக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, பாக்கு போடுகிற பழக்கம் இருந்தால் சைட்டில் பாக்கைத் தொடவே தொடாதீர்கள்.

மூக்கை நம்பாதீர்கள்

தொட்டி, குழி, மேன்ஹோல், தரைக்கடியில் இருக்கிற அறை, இவற்றுக்குள் இறங்க உங்களுக்குத் தனிப் பயிற்சியும் எழுத்து அனுமதியும் வேண்டும். முதலில் நான்கு வாயுவை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேலிருந்து கீழே இறக்கி, மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள், ஆனால் ஏறத்தாழ 100 பி.பி.எம்.மில் அது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் செத்துப்போகிற நேரம்.

நம் ஊரில் செப்டிக் டேங்கில் இறங்கி ஒருவர் மயங்க, அவரைத் தூக்கப் போன தம்பியும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். 2013-இல் சட்டம் போட்டும் நிற்கவில்லை. இங்கே எனக்குச் சொல்லித்தந்த முதல் விதி, மயங்கியவரைக் காப்பாற்ற நீ இறங்காதே, மேலே நின்றே இழுக்கும்படி முன்பே கயிறு கட்டியிரு, உதவிக்குக் கூப்பிடு. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று கால் தாங்கி, ஒரு கயிறு, வாயுவை அளக்கும் ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான் தேவை.

மற்ற அட்டைகள்

நியூயார்க் நகரத்தில் பெரிய கட்டுமான இடங்களில் நுழையவே எஸ்.எஸ்.டி. எனப்படும் கட்டுமான இடப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும், 40 மணி நேரப் பயிற்சி, 2017-இன் உள்ளூர்ச் சட்டம் 196 அதைக் கட்டாயமாக்கியது. ஹாஸ்வோபரும் 40 மணி நேரம், இதுவும் 40 மணி நேரம், இரண்டும் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கு 32 மணி நேரப் பயிற்சி முடித்து மாநிலத்தின் சான்றிதழ் வாங்க வேண்டும், நகரத்துக்குள் வேலை என்றால் நகரத்தின் சான்றிதழும் வேண்டும். ஈயம், முதலுதவி எல்லாம் பயிற்சியோடு சேர்ந்தே வந்துவிடும். கையில் ஆஸ்பெஸ்டாஸ் சான்றிதழ் இருந்தால் மண் வேலை இல்லாத மாதங்களிலும் கட்டட வேலை கிடைக்கும் என்பதால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மண் மாதிரி எடுப்பது

எனக்கு மிகப் பிடித்த பகுதி. யந்திரம் ஒரு பிளாஸ்டிக் குழாயை ஐந்தடி ஆழத்துக்குள் இறக்கி மண்ணோடு வெளியே எடுக்கும். குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்தால் அந்த இடத்தின் சரித்திரமே கிடக்கும். மேலே தார், கீழே உடைந்த செங்கல், சாம்பல், நிலக்கரித் துண்டு, அதற்குக் கீழே ஒரு அடி கறுத்த பிசுக்கு, அதற்கும் கீழே யாரும் தொடாத பழுப்பு மணல். நியூஜெர்சியில் ஹட்சன் கவுன்டிப் பக்கம் சில இடங்களில் பளிச்சென்ற மஞ்சள் பச்சையாகவும் வரும். குரோமியம் ஆலைகளின் கசடைப் பள்ளம் நிரப்பக் கொட்டியிருக்கிறார்கள். முதன்முறை அந்த நிறத்தைப் பார்த்தபோது எனக்கு ராணிப்பேட்டைதான் நினைவுக்கு வந்தது. அங்கே மூடிய குரோமேட் ஆலைக்குள் மலையாகக் கிடக்கிறதே, அதே விஷம்.

துளை போடும் முன் 811-க்கு போன் செய்து நிலத்தடிக் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று குறித்துவிட்டார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. பெட்ரோல், கரைப்பான் மாதிரி ஆவியாகிற பொருளுக்கான மாதிரியை முதலில் எடுக்க வேண்டும், தாமதித்தால் பறந்துவிடும். ஜாடியை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பிறகு யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கைமாற்றுத் தாள் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாதீர்கள், கிறுக்கி மறைக்காதீர்கள். ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, உங்கள் இனிஷியலும் தேதியும் போடுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் அந்தத் தாள் ஆதாரமாக வைக்கப்படலாம். பள்ளியில் தப்பை அடித்தால் அடி வாங்கிய நமக்கு இது முதலில் கூச்சமாக இருக்கும். இங்கே தப்பு கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதுதான் நேர்மை.

வேலை தேடும்போது

ஒரே மாதிரிக் கம்பெனிகளுக்கே விண்ணப்பிக்காதீர்கள். மண்ணைத் தோண்டும் ஒப்பந்தக்காரர்கள், மாதிரி எடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள், துளை போடும் கம்பெனிகள், எண்ணெய்க் கசிவுக்கு ராத்திரியில் ஓடுகிற அவசரக் குழுக்கள், ஆய்வகங்கள், கழிவு லாரிக் கம்பெனிகள் எல்லாருக்கும் ஆள் தேவை. பயிற்சி முடித்தவர்களின் சராசரித் தொடக்கச் சம்பளம் மணிக்கு 15 டாலருக்கு மேல் என்பது இ.பி.ஏ. சொல்லும் கணக்கு. தொழிற்சங்கம் வழியாகப் போனால் அதைவிட நன்றாக இருக்கும். நியூயார்க், நியூஜெர்சியில் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், விஷக் கழிவு வேலைக்காரர்களுக்கு லோக்கல் 78 என்று தனிச் சங்கமே இருக்கிறது, பயிற்சியின்போதே போய் விசாரியுங்கள்.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும், சான்றிதழ்களும் அவை காலாவதியாகும் தேதியும் மேலேயே இருக்கட்டும். ஊரில் வயல் வேலை, கொத்து வேலை, போர்வெல் வேலை பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். போர் போட்ட அனுபவம் இங்கே நிஜமாகவே மதிப்புள்ளது, நம் பிள்ளைகள் அதை மறைத்துவிட்டு கம்ப்யூட்டர் டிப்ளமோவை மட்டும் போடுகிறார்கள்.

முதல் மாதங்களில்

தனியாக எங்கேயும் போகாதீர்கள், ஜோடி இல்லாமல் விஷப் பகுதிக்குள் நுழையக் கூடாது. டைவெக்குக்குள் உடம்பு வெந்துவிடும், தாகம் எடுக்கும் முன்பே வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். ஜோடி ஆள் உளற ஆரம்பித்தாலோ வியர்வை நின்றுபோனாலோ உடனே கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள், யாரிடமும் அனுமதி கேட்க நிற்காதீர்கள்.

காற்றில் விஷம் எவ்வளவு இருக்கிறது, அளந்தீர்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். 2001-இல் உலக வர்த்தக மையம் விழுந்த பிறகு தூசிக்குள் சரியான முகமூடி இல்லாமல் வேலை செய்தவர்கள் இன்றும் நுரையீரல் நோயோடும் புற்றுநோயோடும் சிகிச்சையில் இருக்கிறார்கள், அதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. நல்ல மேற்பார்வையாளர் அந்தக் கேள்விக்கு எரிச்சல்பட மாட்டார். பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னதற்காக வேலையைவிட்டு எடுத்தால் ஓஷாவிடம் முறையிடலாம், ஆனால் 30 நாளுக்குள் முறையிட வேண்டும், அந்தக் கெடு மிக முக்கியம்.

வருடத்துக்கு ஒரு முறை எட்டு மணி நேர மறுபயிற்சி உண்டு, தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். அதேபோல், வருடத்தில் 30 நாள் அல்லது அதற்கு மேல் முகமூடி போட்டு வேலை செய்கிறவருக்குக் கம்பெனி செலவில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த முடிவுகளையும் நீங்கள் வேலை செய்த இடத்தின் காற்று அளவுகளையும் கேட்டால் 15 வேலை நாளுக்குள் உங்களுக்குக் காட்ட வேண்டும், மருத்துவ முடிவுகளை நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகும் 30 வருடமும், காற்று அளவுகளைக் குறைந்தது 30 வருடமும் கம்பெனி வைத்திருக்க வேண்டும். ஆனால் கம்பெனிகள் மூடிவிடும், பெயர் மாறிவிடும், ரிட்ஜ்வுட்டில் பார்த்தோமே. ஆஸ்பெஸ்டாஸ் நோய் இருபது, முப்பது வருடம் கழித்தும் வரும். ஒவ்வொரு சைட் முடிந்ததும் நகல் கேட்டு வாங்கி, எந்த இடம், எந்த மாதம், எந்த முகமூடி என்று மேலே எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். என் ஃபைல் பாஸ்போர்ட் இருக்கிற அதே பெட்டியில் இருக்கிறது, சாவி எங்கே என்று அம்மாவுக்கும் தெரியும்.